450 வாட் சூடு எந்த வழியாக வெளியே போகிறது?
ஏர் கூலிங் கிராபிக்ஸ் கார்டா, லிக்விட் கூலிங் கார்டா: ஒரு நிகழ்வு ஆய்வு

சித்தி மகன் கேள்வியை முடிவோடு சேர்த்தே கொண்டுவந்தான். "அண்ணா, லிக்விட் கார்டுதான் எடுக்கப் போறேன். 450 வாட்டை வெறும் ஃபேன் தாங்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எந்த மாடல்னு மட்டும் சொல்லுங்க."

அவன் தன் விளையாட்டுக் கணினிக்கு வாங்க நினைத்தது ஆர்டிஎக்ஸ் 4090, திரைக்குப் படங்களை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு. 2022 அக்டோபரில் வந்தது. அதன் சிப்பைச் செய்யும் என்விடியா நிறுவனம் அதற்குக் குறித்திருக்கும் மின் அளவு 450 வாட். அதே சிப்பை வைத்து மூன்று ஃபேனும் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் செங்கல் போன்ற உலோகத் தகட்டடுக்கும் (ஹீட் சிங்க்) கொண்ட கார்டுகள் வந்தன. சிப்பின் சூட்டை ஒரு பம்ப் தண்ணீரில் அனுப்ப, அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் 240 அல்லது 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரை இரண்டு குழாய்களில் கோத்துக்கொண்டு வரும் கார்டுகளும் வந்தன. சிப்பும் மெமரியும் இரண்டிலும் ஒன்றே. சூடு வெளியேறும் பாதை மட்டும்தான் வேறு.

மாடல் பெயரைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்திருக்கும். நான் அவனிடம் கேட்டது வேறு: "இப்ப இருக்கிற கார்டு ஏன் கத்துது, அதைச் சொல்லு."

பழைய கார்டு ஆர்டிஎக்ஸ் 3080, 320 வாட். விளையாட்டு தொடங்கிக் கால் மணி நேரத்தில் ஃபேன்கள் இரைய ஆரம்பிக்கும். மைக்கில் பேசினால் எதிரில் இருப்பவனுக்கு இவன் குரலோடு ஃபேன் சத்தமும் போகும். மெமரி சூடு 102 டிகிரி வரை ஏறுவதைப் பார்த்துப் பயந்திருந்தான். அந்தக் கார்டில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் பயம் நியாயம்தான். ஆனால் 320 வாட் கார்டே இந்தக் கேபினெட்டுக்குள் (கணினிப் பெட்டிக்குள்) மூச்சு முட்டுகிறது என்றால், 450 வாட்டை உள்ளே வைப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டியது கேபினெட்டை.

பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினோம்

முதல் சோதனைக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். விளையாட்டில் ஒரே காட்சியில் நிறுத்தி, சூடு நிலைக்கு வரும்வரை அரை மணி நேரம் ஓடவிட்டோம். பிறகு ஆட்டத்தை நிறுத்தாமல் பக்கவாட்டுக் கண்ணாடியை மட்டும் கழற்றி வைத்தோம். பத்து நிமிடத்தில் சிப் சூடு 9 டிகிரி இறங்கியது. ஃபேன் சத்தமும் கூடவே இறங்கியது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் புதிய கார்டு வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கண்ணாடியைக் கழற்றியதும் சூடு ஒன்றிரண்டு டிகிரி மட்டும் குறைந்தால், குறை கார்டின் ஹீட் சிங்க்கிலோ, அதற்கும் சிப்புக்கும் இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட்டிலோ இருக்கலாம். ஏழெட்டு டிகிரிக்கு மேல் சரிந்தால், கார்டு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதற்குக் குளிர்ந்த காற்றுதான் கிடைக்கவில்லை.

காற்று ஏன் கிடைக்கவில்லை என்று பார்க்க ஒரு டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்துக் கேபினெட்டின் முன்பக்க ஓரத்தில் பிடித்தேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காற்று நுழைய வலது ஓரத்தில் ஒரு சிறு இடுக்கு மட்டும். உள்ளே மூன்று ஃபேன்கள் சுற்றுகின்றன, விளக்கெல்லாம் எரிகிறது, ஆனால் பேப்பர் லேசாக நடுங்கியதோடு சரி. முன்பக்கத்தைக் கழற்றிய பிறகு அதே பேப்பர் ஃபேன் வலையில் போய் ஒட்டிக்கொண்டது. இடையில் இருந்த ஃபில்டரை எடுத்துப் பார்த்தால், தூசி சாம்பல் நிறக் கம்பளித் துணி போலப் படிந்திருந்தது. நகத்தால் ஓரத்தைத் தூக்கினேன். ஒரே விரிப்பாக உரிந்து வந்தது.

ஒரு கணக்கு இங்கே உதவும். 450 வாட் சூட்டை ஏற்றுக்கொண்டு காற்று 10 டிகிரி மட்டும் சூடாகி வெளியேற வேண்டும் என்றால், விநாடிக்குச் சுமார் 38 லிட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போகவேண்டும். கார்டு மட்டும் கேட்கும் காற்று இது. பாதிதான் கிடைக்கிறது என்றால் காற்று 20 டிகிரி சூடாகும். கார்டில் இருப்பது ஃபேனோ பம்போ, இந்தக் கணக்கு மாறாது. தண்ணீர் சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். கடைசியில் அதைக் காற்றிடம்தான் ஒப்படைக்கவேண்டும். அறையின் வெப்பநிலைக்குக் கீழே இரண்டாலும் போக முடியாது. ஆட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது அறை எவ்வளவு சூடாகியிருக்கும் என்பதிலும் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

"வெறும் ஃபேன்" என்ற சொல்லில் இருக்கும் தவறு

தம்பியின் மனதில் ஏர் கூலிங் என்றால் ஒரு அலுமினியத் தகட்டின் மேல் ஃபேன் ஊதுவது. இன்றைய பெரிய கார்டுகளுக்கு அந்தப் படம் பொருந்தாது. சிப்பின் மேல் அமரும் செம்பு அறைக்கும், தகடுகளுக்கு இடையே ஓடும் செம்புக் குழாய்களுக்கும் உள்ளே தண்ணீர்தான் இருக்கிறது. காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, மிகக் கொஞ்சம் தண்ணீரை விட்டு மூடிவிடுகிறார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகிறது. ஆவி தகடுகள் இருக்கும் குளிர்ந்த முனைக்கு ஓடி, சூட்டை விட்டுத் தண்ணீராகி, உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் படலம் வழியாக, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, மறுபடி சிப்புக்குத் திரும்புகிறது. பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை, சத்தமும் இல்லை.

அந்தச் சில துளித் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2022 டிசம்பரில் தானே வடிவமைத்து வெளியிட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றில் சிப்பின் ஒரு புள்ளி 110 டிகிரியைத் தொட்டு வேகம் குறைந்தது. அந்தச் செம்பு அறைக்குள் தண்ணீர் போதுமான அளவு நிரப்பப்படாததுதான் காரணம் என்று 2023 ஜனவரியில் ஏஎம்டி ஒப்புக்கொண்டு, கார்டுகளை மாற்றித் தந்தது.

450 வாட்டை ஃபேன் தாங்காது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. 2014-ல் ஏஎம்டி ஒரே கார்டில் இரண்டு சிப் வைத்து ஆர்9 295எக்ஸ்2 என்று வெளியிட்டபோது 500 வாட்டைச் சமாளிக்க 120 மில்லிமீட்டர் ரேடியேட்டரோடுதான் விற்றது. 2015-ல் ஃப்யூரி எக்ஸ், 275 வாட், அதுவும் ரேடியேட்டரோடு. 2017-ல் வேகா 64-ஐ ஃபேனோடு 295 வாட்டிலும், ரேடியேட்டரோடு 345 வாட்டிலும் தந்தார்கள். அந்தக் காலத்து அனுபவம் உள்ளவர்கள் வாட் ஏறினால் தண்ணீர் வேண்டும் என்று சொன்னதில் தவறில்லை. ஆனால் 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-க்கு என்விடியா தானே செய்த கார்டு 575 வாட்டை, கேபினெட்டில் கார்டுகளுக்கான இரண்டே ஸ்லாட் பருமனில், ஃபேன்களால் குளிர்விக்கிறது. ஃபேன் தாங்குமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தாயிற்று. எவ்வளவு சத்தத்தோடு தாங்கும், அதற்கு உன் கேபினெட் இடம் கொடுக்குமா என்பவைதான் மிச்சம்.

ரேடியேட்டருக்கு எங்கே இடம்?

தம்பியின் கேபினெட்டில் மேற்கூரை முழுவதையும் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்று ஏற்கெனவே பிடித்திருந்தது. அது கணினியின் மையச் செயலியான சிபியுவுக்கு. சிபியு எதுவென்றால் ரைசன் 7 7800எக்ஸ்3டி. மின் சிக்கனத்துக்குப் பெயர் பெற்ற சிப். விளையாட்டில் 100 வாட்டுக்குக் கீழேயே ஓடும். அதாவது 100 வாட்டுக்கு மூன்று ஃபேன் அகல ரேடியேட்டர் கூரையில் சொகுசாகப் படுத்திருக்கிறது. 450 வாட்டுக்கு வரப்போகும் 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் நிற்க இடம் தேடவேண்டும்.

விளையாட்டுக்காகக் கட்டப்படும் கணினிகளில் இந்த தலைகீழ் ஏற்பாட்டை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சிபியுவுக்கு ரேடியேட்டர் வைப்பது வழக்கமாகிவிட்டது, யாரும் யோசிப்பதில்லை. கேபினெட்டில் ஒரே ஒரு நல்ல ரேடியேட்டர் இடம்தான் இருக்கிறது என்றால் அது கிராபிக்ஸ் கார்டுக்குப் போகவேண்டும், சிபியுவுக்கு ஒரு நல்ல டவர் கூலர் (கோபுரம் போல நிற்கும் ஹீட் சிங்க்கும் ஃபேனும்) போதும். வீடியோ ரெண்டரிங் போல சிபியுவை மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓட்டுபவர்களுக்கு வேறு கணக்கு.

கூரை போய்விட்டதால் தம்பிக்கு மிஞ்சியது முன்பக்கம். அங்கே ரேடியேட்டரை வைத்தால் அறையின் குளிர்ந்த காற்று முதலில் அதன் வழியாகத்தான் நுழையும். கார்டுக்கு அது கொண்டாட்டம். ஆனால் கார்டின் சூடு முழுவதும் கேபினெட்டுக்கு உள்ளே வந்து விழும். அந்தச் சூடான காற்றைத்தான் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, மதர்போர்டு, கூரையில் இருக்கும் சிபியு ரேடியேட்டர் எல்லாம் சுவாசிக்கவேண்டும்.

உண்மையில் என்ன நடக்கும் என்று பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. தம்பியின் நண்பன் ஒருவனிடம் 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள 4090 இருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் மூன்று ஃபேன் 4090 இருந்தது. ஒரு சனி, ஞாயிறு இரண்டையும் கடனாக வாங்கினோம்.

நண்பனின் கார்டைக் கழற்றப் போனபோதே ஒரு பாடம் கிடைத்தது. அவன் கேபினெட்டில் ரேடியேட்டர் தரையோடு படுத்திருந்தது, கார்டு அதற்கு மேலே. "ஆன் பண்ணின உடனே கொஞ்ச நேரம் குடகுடன்னு சத்தம் வரும்ணா, அப்புறம் சரியாயிடும்," என்றான். காதை அருகில் வைத்துக் கேட்டேன். பாட்டிலைக் கவிழ்த்தால் காற்று ஏறும் ஓசை. இந்த மூடிய சுற்றுகளுக்குள் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும். வருடங்கள் போகப்போக ரப்பர் குழாய்ச் சுவர் வழியாகத் தண்ணீர் மிக மெதுவாகக் கசிந்து ஆவியாவதால் அந்தக் காற்று கூடும். காற்று எப்போதும் சுற்றின் உச்சியில் போய் நிற்கும். கார்டின் மேல் இருக்கும் பம்பே உச்சி என்றால் காற்று பம்புக்குள் சேரும். சத்தம் வரும், சுற்றோட்டம் குறையும், பம்பின் ஆயுளும் குறையும். ரேடியேட்டரின் மேல்முனை பம்பை விட உயரத்தில் இருந்தால் காற்று அங்கே ஒதுங்கி யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடக்கும். முன்பக்கத்தில் நிறுத்தினால் குழாய்கள் கீழே வரும்படி நிறுத்துவது நல்லது. ஒரு வருடமாக அவன் அந்தச் சத்தத்தோடு ஓட்டியிருக்கிறான்.

இரண்டு நாளில் பார்த்தவை

அறை 29 டிகிரி. ஒரே விளையாட்டு, ஒரே காட்சி, 4கே திரைத்தரம், ஒவ்வொரு அமைப்பிலும் 40 நிமிடம். இந்த 40 நிமிடத்தை வலியுறுத்திச் சொல்கிறேன். தண்ணீர் மெதுவாகச் சூடாகும் பொருள். அரை லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றவே சுமார் 2,100 ஜூல் வேண்டும். ரேடியேட்டர் ஒரு பக்கம் சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் நிலைக்கு வர கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு 48 டிகிரி என்று படம் எடுத்துப் போட்டால் அது லிக்விட் கார்டின் உண்மையான சூடு ஆகாது, தொடக்கச் சூடுதான்.

மூன்று ஃபேன் கார்டு, முன்பக்கக் கண்ணாடியோடு: சிப் 74, மெமரி 88, ஃபேன்கள் 1,900 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று). அறைக்கு வெளியிலிருந்தே கேட்டது. கண்ணாடியை எடுத்துவிட்டு, ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டியபின்: சிப் 66, மெமரி 80, 1,500 ஆர்பிஎம். ஒரு கண்ணாடியைக் கழற்றி, ஒரு ஃபில்டரைக் கழுவியதில் கிடைத்த வித்தியாசம் இது.

லிக்விட் கார்டு, ரேடியேட்டர் முன்பக்கத்தில், கண்ணாடி இல்லாமல்: சிப் 57, மெமரி 76. நல்ல எண்கள்தான். ஆனால் சிபியு 6 டிகிரி ஏறியது. எஸ்எஸ்டியும் 61-லிருந்து 68-க்குப் போனது. கார்டிடம் இருந்து எடுத்த சூட்டை அக்கம்பக்கத்தாரிடம் பங்கு வைத்ததுபோல.

கடைசியாக, சிபியுவின் 360 ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, என்னிடம் இருந்த ஒரு டவர் கூலரைச் சிபியுவில் மாட்டி, லிக்விட் கார்டின் ரேடியேட்டரைக் கூரையில் வெளியூதும்படி வைத்தோம். சிப் 59. முன்பக்கத்தில் வைத்ததை விட 2 டிகிரி கூடுதல், ஆனால் எஸ்எஸ்டி 57-க்கு இறங்கியது, சிபியு பழைய நிலைக்கே வந்தது. எல்லாவற்றையும் விட, கேபினெட் அமைதியாக இருந்தது. நால்வகை அமைப்பில் இதுவே சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. லிக்விட் கார்டு வாங்குவதென்றால் இப்படித்தான் வாங்கவேண்டும்: கூரையை அதற்குக் கொடுத்து.

ஆட்ட வேகம்? மூன்று ஃபேன் கார்டு 2,745 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, லிக்விட் 2,790-ல். என்விடியா சிப்புகள் சூடு ஏற ஏற 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக வேகத்தை இறக்கும்; மூன்று படி வித்தியாசம். விநாடிக்குத் திரையில் வரும் ஃப்ரேம் கணக்கில் 118-க்கு 119. சூடு கட்டுக்குள் இருக்கும் இரண்டு கார்டுகளில் வேகத்தை முடிவு செய்வது மின் வரம்பு. தண்ணீர் ஊற்றினால் ஃப்ரேம் கூடும் என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஆனால் சத்தத்தில் லிக்விட் கார்டுக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. நம்மை எரிச்சலூட்டுவது சத்தத்தின் அளவைவிட, அது ஏறி இறங்குவது. விளையாட்டில் ஒரு வரைபடம் லோட் ஆகும்போது சிப் ஓய்கிறது, மறுநொடி முழு வேகத்துக்குப் போகிறது. ஃபேன் கார்டு அதற்கேற்ப மூச்சை இழுத்து விடுகிறது. தண்ணீரோ அந்தக் குதிப்புகளை எல்லாம் விழுங்கிவிட்டு மெதுவாக நகர்கிறது. ரேடியேட்டர் ஃபேனின் வேகத்தைத் தண்ணீரின் சூட்டோடு இணைக்க வழியுள்ள கார்டில் ஒரு மணி நேர ஆட்டம் முழுக்க ஒரே சீரான ஓசைதான்.

எதிர்ப்பக்கக் கணக்கு பம்ப். ஃபேன் கார்டுகளில் பெரும்பாலானவை சும்மா இருக்கும்போது ஃபேனை முழுதாக நிறுத்திவிடும். இணையத்தில் ஏதாவது படித்துக்கொண்டிருக்கும் இரவில் கார்டு இருப்பதே தெரியாது. பம்ப் நிற்காது. கணினி ஓடும் வரை அது ஓடும். ஞாயிறு நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டு நானும் தம்பியும் பேசாமல் உட்கார்ந்து கேட்டோம். மிக மெல்லிய, உயர்ந்த சுருதியில் ஒரு ரீங்காரம். "கொசு மாதிரி இருக்குண்ணா," என்றான். சிலர் காதில் அது விழவே விழாது. விழுந்தவர்களுக்கு அதன்பின் அது மட்டும்தான் கேட்கும். 2015-ல் ஃப்யூரி எக்ஸ் வந்தபோதே முதல் தொகுதிக் கார்டுகளின் பம்ப் ரீங்காரம் பெரிய புகாராக எழுந்தது. பம்புகள் பிறகு நிறைய மேம்பட்டன, ஆனால் ஓசையே இல்லாத பம்பை நான் இன்னும் கேட்கவில்லை.

மெமரி பற்றி ஒரு குறிப்பு. லிக்விட் கார்டு என்ற பெயர் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சில கார்டுகளில் சூட்டை வாங்கித் தண்ணீரில் விடும் பலகை சிப்பை மட்டும் மூடும். மெமரியும் மின்சீராக்கிப் பகுதியும் தனித் தகட்டில், ஒரு சிறு ஃபேனின் தயவில் இருக்கும். வேறு சிலவற்றில் மெமரியையும் அதே பலகை மூடும். அட்டைப் பெட்டியின் படத்தில் இது தெரியாது. கார்டைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் மட்டும் தெரியும். 4090-ல் மெமரி சில்லுகள் எல்லாம் முன்பக்கத்திலேயே இருப்பது ஒரு நிம்மதி. முந்தைய 3090-ல் பாதி பின்பக்கத்தில் இருந்து, ஃபேனோ தண்ணீரோ எட்டாமல் வெந்தன.

முழுக்க நாமே குழாய் இழுத்து, பலகை மாற்றி, தண்ணீர் நிரப்பும் தனிச் சுற்று பற்றியும் தம்பி கேட்டான். அதை விரும்பிச் செய்பவர்களுக்கு அது ஓர் அழகான பொழுதுபோக்கு. விரும்பாதவர்களுக்கு அது வருடாவருடம் வரும் வேலை. அலுமினியத்தையும் செம்பையும் ஒரே சுற்றில் கலந்துவிட்டால் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். அவனுக்கு வேண்டாம் என்றேன், அவனும் விட்டுவிட்டான்.

முடிவை மாற்றிய மூன்று விஷயங்கள்

ஞாயிறு இரவு வரை தம்பி லிக்விட் பக்கமே இருந்தான். கூரையில் வைத்த ஏற்பாட்டின் அமைதி அவனைப் பிடித்துக்கொண்டது. எனக்கும் பிடித்திருந்தது.

முதலில் மாற்றியது அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது. மூன்று ஃபேன் கார்டை மறுபடி மாட்டி, மின்னழுத்தத்தை 1.05 வோல்ட்டிலிருந்து 0.95-க்கு இறக்கினோம். சிப் செலவழிக்கும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்கும் என்பதால், அதே வேகத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு வரை குறைய இடமிருக்கிறது. வேகத்தையும் கொஞ்சம் தளர்த்தினோம். கார்டு 315 வாட்டில் நின்றது. ஃப்ரேம் 118-லிருந்து 113. சிப் 58 டிகிரி, ஃபேன்கள் 1,150 ஆர்பிஎம். தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேபினெட்டைப் பார்த்தான். "ஓடுதா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே இரண்டு நாள் உழைப்பு தகும். ஃபேன் சட்டென்று ஏறாமல் சில விநாடி தாமதித்து ஏறும்படி மென்பொருளில் அமைத்ததும், ஏறி இறங்கும் தொந்தரவும் பெரும்பாலும் தீர்ந்தது.

லிக்விட் கார்டிலும் அண்டர்வோல்ட் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், இன்னும் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் 58 டிகிரியில் அமைதியாக ஓடும் கார்டை 50-க்கு இறக்கி என்ன பயன்? அந்த 8 டிகிரியைக் காதும் உணராது, ஆட்டமும் உணராது.

இரண்டாவது, பழுது. சிபியுவின் ரேடியேட்டர் செட்டில் பம்ப் செத்துப்போனால் அந்த செட்டை மட்டும் மாற்றிவிட்டு அன்றே விளையாடலாம். கார்டில் பம்ப் செத்தால் கார்டே போகவேண்டும்; பெரும்பாலான மாடல்களில் அந்தச் சுற்று தனியாக விற்பனைக்கு வருவதில்லை, தண்ணீர் நிரப்பும் துளையும் இருப்பதில்லை. என் பழைய கார்டு ஒன்றில் இது நேர்ந்தது. வாரன்டி இருந்தும், கார்டு போய்த் திரும்பி வருவதற்குள் ஐந்து வாரம் கணினி முடங்கிக் கிடந்தது. வாரன்டி முடிந்தபின் நேர்ந்திருந்தால் நல்ல சிப் ஒன்று ஒரு சிறு மோட்டாருக்காகக் குப்பைக்குப் போயிருக்கும். மூன்று ஃபேன் கார்டில் ஃபேன் கெட்டால் நான்கு ஸ்க்ரூ, ஒரு பின். வேறு வழியே இல்லையென்றால் சாதாரணக் கேபினெட் ஃபேன் இரண்டை ஹீட் சிங்க்கில் கட்டி வைத்துக்கூட ஓட்டலாம், நான் ஓட்டியிருக்கிறேன். அடுத்த ஐந்தாறு வருடம் வைத்திருக்கும் எண்ணத்தோடு வாங்குபவனுக்கு, என் பார்வையில், மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் எடை அதிகம்.

மூன்றாவது, அவன் கேபினெட்டில் மூன்று ஃபேன் கார்டு உண்மையிலேயே அடங்கியது. இதை அளக்காமல் சொல்ல முடியாது. நீளம் மட்டும் அளந்தால் போதாது. என்விடியாவின் சொந்த 4090 கார்டே 304 மில்லிமீட்டர் நீளம், 137 அகலம், மூன்று ஸ்லாட் பருமன், எடை 2 கிலோவுக்கு மேல். மற்ற நிறுவனங்களின் கார்டுகள் இன்னும் பெரியவை. அகலத்துக்கு மேல் மின்கேபிள் வளைய இடம் வேண்டும். இந்தக் கார்டின் 16 பின் கனெக்டரை வேரிலேயே மடக்கக் கூடாது. 35 மில்லிமீட்டராவது நேராகப் போய்த்தான் வளையவேண்டும், முழுக்க உள்ளே அமர்ந்திருக்கவும் வேண்டும். அரைகுறையாகச் செருகிய கனெக்டர்கள் உருகிய செய்திகள் 2022 இறுதியிலேயே வந்தன. தம்பியின் கேபினெட்டில் கண்ணாடியை மூடிய பிறகும் கேபிளுக்கு ஒரு விரல் இடம் மிஞ்சியது. கார்டின் முனைக்குக் கீழே ஒரு தாங்கு கால் வைத்தோம். 2 கிலோவை ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் காலப்போக்கில் கார்டின் பலகை விரிசல் விடும் அபாயம் உண்டு.

திங்கட்கிழமை காலை தம்பி மூன்று ஃபேன் கார்டுக்கு ஆர்டர் போட்டான். கூடவே அதே கேபினெட்டுக்குப் பொருந்தும் வலை முன்பக்கம் ஒன்று. சிபியுவின் 360 ரேடியேட்டரை மறுபடி கூரையிலேயே வைத்தோம்; வாங்கியாயிற்று, வேலை செய்கிறது, கழற்றக் காரணம் இல்லை. கார்டு வந்து நான்கு மாதமாகிறது. வலையின் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுகிறான், எனக்குப் படம் அனுப்புகிறான்.

நண்பனுக்கு நான் சொன்னது இதற்கு நேர்மாறு. அவன் கேபினெட் குறுகலானது, கார்டுக்கு இரண்டரை ஸ்லாட்டுக்கு மேல் இடம் கிடையாது, மூன்று ஃபேன் 4090 எதுவும் உள்ளேயே போகாது. கூரையில் 240 மில்லிமீட்டர் இடம் காலியாக இருந்தது, சிபியுவில் டவர் கூலர். அவனுக்கு லிக்விட் கார்டு சரியான தேர்வு, இடம் மட்டும்தான் தவறு. கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ரேடியேட்டரைத் தரையிலிருந்து எடுத்துக் கூரையில் மாட்டினோம். குழாய்கள் மட்டுமட்டாக எட்டின. ஆன் செய்ததும் பம்பில் சிக்கியிருந்த காற்று இரண்டு முறை குடகுடவென்று மேலேறியது. கேபினெட்டை முன்னும் பின்னும் கொஞ்சம் சாய்த்துக் காட்டினோம். பிறகு சத்தம் இல்லை. மறுநாள் காலை அவனே ஃபோன் செய்தான்: "ஆன் பண்ணினேன்ணா. ஒண்ணும் கேக்கல."